பகுபதம், பகாப்பதம், லோ வோல்டேஜ்

மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் குழல்விளக்கு எரியும் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. சுவிட்சைப் போட்டதும் குழலின் இரு முனைகளிலும் செம்பழுப்பாக ஒரு கனல் தோன்றும். ஸ்டார்ட்டர் கண்ணைச் சிமிட்டும். நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று ஓடி மறையும். பிறகு மறுபடியும் கனல், மறுபடியும் சிமிட்டல். ஒருவர் நாற்காலியில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டிருப்பார், மற்றவர் கீழே நின்று கருத்துச் சொல்வார். 2014ஆம் ஆண்டின் கோடையை நினைத்தால் இந்தக் காட்சிதான் முதலில் எங்கள் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் தமிழ் முதுகலை படித்தவர்கள். இருவேறு கல்லூரிகளில் தமிழ் கற்பிப்பவர்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தெரு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் வீடு கட்டினோம். காற்று வரும், மயில் வரும் என்பன அன்று எங்கள் கணக்கில் இருந்தன. மின்கம்பி வரிசையும் அங்கேதான் முடிகிறது என்பது இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரக் கம்பி பதினெட்டுத் தூண்களைக் கடக்க வேண்டும். அதைப் பின்னர்தான் எண்ணினோம்.

'குறைந்த மின்னழுத்தம்' என்பது பாடநூல் வழக்கு. தெருவில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. 'லோ வோல்டேஜ்' என்பார்கள், அல்லது 'கரண்டு டல்லா இருக்கு' என்பார்கள். மின்சாரத்துக்கு முகவாட்டத்தை ஏற்றிச் சொல்லும் இந்த இரண்டாவது வழக்கு எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த ஏப்ரலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கருகும்வரை பிடித்திருந்தது என்று திருத்திக்கொள்வது நேர்மை.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர் அதைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பிச் சுருளை எங்கள் மூக்கருகே நீட்டினார். "வோல்டேஜ் கம்மியா இருந்தா மோட்டாரும் கம்மியாத்தான் கரண்டு இழுக்கும்னு நெனைக்காதீங்க சார். சுத்த முடியாம திணறும். திணறுத மோட்டாருதான் கரண்ட அள்ளி இழுக்கும். காயில் வெந்துரும்" என்றார். அவர் சொன்னதன் கணக்கைப் பின்னாளில் தெரிந்துகொண்டோம். இத்தகைய மோட்டாரின் சுழற்றும் விசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வந்தால் நான்கில் மூன்று பங்கு வலு இருக்கும் என்று தோன்றும். உண்மையில் பாதியைச் சற்றே தாண்டும், 55 விழுக்காடு. அந்தப் பாதி வலுவோடு ஆழத்து நீரைத் தூக்க முயன்று தோற்ற மோட்டார் அது.

காயில் கட்டக் கொடுத்த பணம் எங்களை உறுத்தியது. உறுத்தல் வந்தால் குற்றவாளி ஒருவர் வேண்டும். எங்கள் தெருவின் தொடக்கத்தில் ஒரு மாவு மில் இருந்தது. அதன் உரிமையாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். அரிசியும் மிளகாயும் மல்லியும் அரைபடும் மூன்று பெரிய எந்திரங்கள் அவரிடம் இருந்தன. அவை ஓடும் ஓசை எங்கள் வீடுவரை கேட்கும். ஓசை வரும் வழியாகத்தான் வோல்டேஜும் போகிறது என்று முடிவுகட்ட எங்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அண்ணாச்சியோ, எங்கள் மகளுக்குப் புட்டுமாவு என்றால் தனியே சலித்து, அவளை 'பாப்பா' என்று அழைத்துக் கையில் கொடுப்பவர். அதையும் மறந்தோம்.

பகுதி மின் அலுவலகத்துக்கு இரண்டு பக்க மனு எழுதினோம். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 'அந்தி சாய்ந்ததும் எங்கள் இல்லம் இருளின் கைப்பிள்ளையாகிறது' என்று ஒரு வாக்கியம். 'மிகவும்', 'பெரிதும்', 'சொல்லொணா' ஆகிய சொற்கள் அதில் எத்தனை முறை வந்தன என்பதை எண்ணாதிருப்பதே நல்லது. இறுதிப் பத்தியில், இந்நிலைக்குக் காரணம் மாவு மில்லே என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கையெழுத்திட்டோம், இருவரும்.

மனுவை வாங்கிய உதவிப் பொறியாளர் இளம்பெண். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். "மனு ரொம்ப நல்லா இருக்கு சார், மேடம். ஆனா எத்தனை வோல்ட்டுன்னு எங்கயுமே இல்லையே? எத்தனை மணிக்கு, எந்தெந்த நாள்?" என்றார். எங்களிடம் விடை இல்லை. இருபது ஆண்டுகளாக மாணவர்களின் விடைத்தாளில் 'சான்று எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதிவந்தவர்கள் நாங்கள். ஸ்விட்ச் போர்டில் பொருத்தும் சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டர் கடைகளில் கிடைக்கும் என்றும், இரண்டு மூன்று வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். மில்லில் ஆள்விட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று அது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இங்கே எங்கள் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். ஆண்டுத் தேர்வில் கணக்கில் 41. எங்களுக்கு அது வியப்பாக இல்லை. 'நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது' என்று உறவினர் நடுவே சிரித்துக்கொண்டே சொல்வோம். அவளும் அருகில்தான் நிற்பாள். பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு நாங்கள் செய்த கொடுமை அது. அதற்கும் மேலாக ஒன்று செய்தோம். அவ்வாண்டு அவள் வீட்டுப்பாடத்தோடு வந்து, "ஒண்ணு பகா எண்ணா, பகு எண்ணா?" என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டினோம். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடுவது பகா எண். ஒன்று, ஒன்றால் வகுபடுகிறது, தன்னாலும் வகுபடுகிறது. ஆகவே பகா எண்தான் என்று தீர்ப்பளித்தோம். மறுநாள் அந்த விடையின்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியோடு வந்தாள். அழவில்லை. "ஒங்களுக்கும் வராதுல்லா" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்று ஏன் பகா எண் அன்று என்பதைக் கல்லூரியின் கணிதத்துறை நண்பர் பின்னர் விளக்கினார். பகா எண்ணுக்குக் காரணிகள் சரியாக இரண்டு இருக்கவேண்டும். ஒன்றுக்கு ஒரே காரணிதான், ஒன்று. அது வெறும் விதியும் அன்று. 12 என்ற எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 என்ற ஒரே வழிதான் உண்டு. வரிசையை மாற்றலாம், உறுப்புகளை மாற்ற இயலாது. ஒன்றையும் பகா எண்களில் சேர்த்துவிட்டால் 1 × 2 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் முடிவில்லாமல் எழுதலாம். பிரிப்பு ஒன்றே என்ற உறுதி போய்விடும். நண்பர் இதைச் சொன்னபோது எங்களுக்குச் சட்டென்று வேறொன்று தோன்றியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூலில் பதவியல் என்று ஓர் இயலே வைத்து, சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறார். பிரித்தால் பொருள் தரும் உறுப்புகளாகப் பிரிவது பகுபதம். 'வந்தனன்' என்பதில் 'வா' பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. 'நிலம்', 'மரம்', 'வா' என்பவற்றை இப்படிப் பிரிக்க வழியில்லை, அவை பகாப்பதம். பகு எண், பகா எண் என்ற கலைச்சொற்களில் இருப்பதும் அதே 'பகு'தான். 'பகா எண்' என்பதிலுள்ள 'பகா', ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆண்டுதோறும் பகுபத உறுப்பிலக்கணம் நடத்துகிறவர்கள், மகளின் கணக்குப் புத்தகத்தில் அதே சொல்லைப் பார்த்து அஞ்சி ஒதுங்கியிருந்தோம்.

வோல்ட் மீட்டர் வந்தது. விடுமுறையில் இருந்த மகளுக்கு, மாலை ஆறு மணி முதல் பத்து வரை மணிக்கு ஒருமுறை அளவைக் குறிக்கும் வேலையைக் கொடுத்தோம். முதல் மூன்று நாள் கடனே என்று குறித்தாள். நான்காம் நாள், பொழுது போகாமல், அந்தச் சிவப்பு எண்ணைக் காட்டி, "இதப் பகுபதமா பகாப்பதமான்னு பாரு" என்றோம். அவள் சிரித்தாள். எண் 176. இரட்டைப்படை என்பதால் எளிதில் உடைந்தது: 16 × 11. அடுத்த மணிக்கு 173. அது உடையவில்லை. இரண்டால் போகவில்லை, மூன்றால் போகவில்லை. எதுவரை வகுத்துப் பார்ப்பது? 172 வரையா?

நாங்கள் மூவரும் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த ஒன்றே ஒன்று இதுதான். கணிதம் அறிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி, எங்களுக்குப் புதையல். காரணிகள் எப்போதும் இணையாகவே வரும். ஒன்று பெரிதானால் மற்றது சிறிதாகவேண்டும். இரண்டுமே 17 அல்லது அதற்கு மேற்பட்டவை என்றால் பெருக்கற்பலன் 289-ஐத் தொட்டுவிடும். எங்கள் வீட்டு மீட்டரோ 240-ஐக்கூட ஒருநாளும் கண்டதில்லை. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆறிலும் போகாவிட்டால் அது பகா எண். பகுபத உறுப்புகளும் ஆறு என்பதில் மறைபொருள் எதுவும் இல்லை. ஆனால் தமிழாசிரியர் வீட்டில் அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அதன்பிறகு மணி அடிக்குமுன்பே அவள் மீட்டர்முன் நின்றாள். பகா எண்ணைச் சுற்றி வட்டம் போடுவாள். 169-க்கு வட்டம் போட்டுவிட்டு, பதின்மூன்றை மறந்தது நினைவுக்கு வந்து அடித்தாள். அது 13 × 13. 187 அவளை ஏமாற்றப் பார்த்தது. பதினொன்றால் வகுத்து 17 என்று விடை கண்டபோது கைதட்டினாள். 161 என்ற எண் வந்த இரவில் மின்விசிறி ஏறத்தாழ நின்றேவிட்டது. அவளோ, "ஏழு இருபத்துமூணு!" என்று கூவினாள். தன் மதிப்பெண் 41-ம் பகா எண் என்பதை அவளேதான் ஒருநாள் கண்டுபிடித்துச் சொன்னாள். சொன்னவள் சிரித்தாள். எங்களால் சிரிக்க முடியவில்லை.

மூன்று வாரம் முடிந்து நோட்டைப் புரட்டியபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கவனித்தோம். ஒரு ஞாயிறு: ஆறு மணிக்கு 176, ஏழுக்கு 171, எட்டுக்கு 167, ஒன்பதுக்கு 169, பத்துக்கு 184. அதற்கு மறுநாள் திங்கள் காலை பத்து மணிக்கு அவளாகவே குறித்த ஓர் எண்: 218. மாவு மில்லுக்கு ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பத்து மணிக்கு மூன்று எந்திரமும் ஓடும். அதாவது, மில் ஓடாதபோது எங்கள் வீடு மங்கியது. மில் முழுமூச்சாக ஓடியபோது நன்றாக இருந்தது. எங்கள் மனுவின் இறுதிப் பத்தியை அழிக்க இந்த ஆறு எண்கள் போதுமானவையாக இருந்தன. ஆனால் அந்தப் பத்தி எங்கள் கையைவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மில்லின் இணைப்பைச் சோதிக்க ஆட்கள் வந்துபோனதாகத் தெருவில் பேச்சு இருந்தது. அண்ணாச்சி எங்களைக் கண்டால் தராசைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

பொறியாளர் நோட்டைப் பார்த்து மகிழ்ந்தார். "இந்த வட்டம் எல்லாம் என்ன?" என்று கேட்டார். மகள் சொன்னாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, "அப்ப இதுக்கும் காரணிப்படுத்திப் பாத்துருவோம்" என்றார். காரணி என்ற சொல் எண்ணை வகுக்கும் எண்ணுக்கும், ஒரு நிகழ்வுக்குக் காரணமாவதற்கும் பொதுவாக இருப்பதை அவர் வேண்டுமென்றே பயன்படுத்தினாரா, தற்செயலா என்று தெரியவில்லை.

அவர் விளக்கியது இது. டிரான்ஸ்பார்மர், 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அது இரண்டு பேஸுக்கு இடையே உள்ள அளவு. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250. அங்கிருந்து புறப்படும்போது குறையில்லை. வழியில் கம்பியின் தடை தின்கிறது. மின்னோட்டம் கூடக்கூட அதிகமாகத் தின்கிறது. போகும் வழியில் மட்டுமன்றித் திரும்பும் நியூட்ரலிலும் தின்கிறது. எனவே தெரு முழுவதும் ஏசி போடும் இரவு எட்டு மணிக்குக் கடைசி வீட்டுக்கு மிச்சமே கிடைக்கும்.

மறுநாள் மாலை லைன்மேன் வந்தார். தூண் தூணாக ஏறி அளந்துகொண்டே வந்தார். பதினான்காம் தூணில் ஒரு ஜம்பர் கம்பி, இணைப்பில் தளர்ந்து வெளுத்துப் பொடிந்திருந்தது. அதற்கு முந்திய பக்கத்துக்கும் பிந்திய பக்கத்துக்கும் 12 வோல்ட் வேறுபாடு. ஒரு விரலளவு இணைப்பில் மட்டும். "இது ஒண்ணுதானா?" என்று ஆவலாகக் கேட்டோம். "ஒண்ணுன்னா நல்லாத்தான் இருக்கும் சார்" என்றார் அவர். மூன்று பேஸில் ஒன்றில்தான் தெருவின் பெரும்பாலான வீடுகள் தொங்கின. மூன்று பேஸ் இணைப்பு உள்ள மாடிவீடுகளிலோ, வோல்டேஜ் குறைந்தால் பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பி, நன்றாக இருக்கும் பேஸுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் தாவினர். அதுவும் சாய்ந்தது. அடுத்து எங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது யாரு வாங்குனது?" என்று கேட்டார். சுவரில் எங்கள் இரண்டு ஸ்டெபிலைசர்கள்.

ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் வெளியே கொடுக்கவேண்டுமானால், 170 வோல்ட் வரும் கம்பியிலிருந்து 5.4 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். இழுப்பு கூடினால் கம்பியில் வீழ்ச்சி கூடும். வீழ்ச்சி கூடினால் அடுத்த வீட்டுக்காரரும் ஸ்டெபிலைசர் வாங்குவார். நாங்கள் வாங்கியதைப் பார்த்து எதிர்வீட்டில் வாங்கியது எங்களுக்கே தெரியும். குற்றவாளிகளின் பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது. மாவு மில் இல்லை. அது தெருவின் தொடக்கத்தில், டிரான்ஸ்பார்மருக்கு அருகே, மூன்று பேஸிலும் சுமையைச் சமமாகப் பகிர்ந்து ஓடுவது.

ஜம்பர் மாற்றியதும் இரவு எண்கள் 180-களின் இறுதிக்கு வந்தன. வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்தபின் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு 211. குழல்விளக்கு முதல் சிமிட்டலிலேயே எரிந்தது. மகள் வட்டம் போட்டாள்.

அண்ணாச்சியிடம் போகவேண்டியிருந்தது. இரண்டு நாள் சாக்குச் சொல்லித் தள்ளினோம். மூன்றாம் நாள் காலை மூவருமாகப் போனோம். மன்னிப்புக் கேட்பதற்கு எங்களிடம் நிறையச் சொற்கள் இருந்தன. மில் ஓசையில் அவற்றுள் பாதி கேட்டிருக்காது. "மனுவுல உங்களப் பத்தித் தப்பா எழுதிட்டோம் அண்ணாச்சி" என்று உரக்கச் சொன்னோம். ஓசைக்குமேல் உரக்கச் சொல்லியதால் காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அவர் மறுமொழி சொல்லவில்லை. மிளகாய் எந்திரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம என் மில்லு ஓடாதுல்லா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா சாரு" என்றார். பிறகு எங்கள் மகளைப் பார்த்து, "பாப்பா, நீதான் நம்பர் எழுதுன புள்ளையா? நம்ம மில்லுலயும் மீட்டர் இருக்கு. வந்து பாரு" என்று உள்ளே அழைத்துப்போனார்.

பேனல் போர்டில் மாவு படிந்த கண்ணாடிக்குள் பேஸ்களுக்கு இடையிலான அளவு தெரிந்தது: 391. அவள் நோட்டைத் திறந்தாள். ஆறு எண்களாலும் வகுத்தாள். எதிலும் போகவில்லை. வட்டம் போடப் பென்சிலை வைத்தவள் நிறுத்திக்கொண்டாள். அண்ணாச்சி அவள் தோளுக்குமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பெரிய நம்பர்லா. பதிமூணோட நிறுத்தக் கூடாது" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓரத்தில் 17 × 23 என்று எழுதினாள்.